அன்னமுத்து மாமியின் முகம்

செபஸ்தியம்மாவின் முகம் முதன்முதலாக எரிந்தது கூழ்ப்பானைக்கு முன்னால். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, சோளகக் காற்று அடிக்கிற காலம். நெடுந்தீவின் கல்வேலிகளுக்கு மேலால் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போக, அவள் குசினிக்குள் குந்தியிருந்து ஒடியற்கூழைத் துழாவிக்கொண்டிருந்தாள். நண்டும் மீன்தலையும் செத்தல் மிளகாயும் சேர்ந்து கொதித்த ஆவி முகத்தில் அடித்தது. கன்னம் இரண்டும் திடீரென்று சுட்டன. அடுப்பின் சூடாக்கும் என்று நினைத்து முற்றத்துக்கு வந்தாள். காற்றில் நின்றும் சூடு இறங்கவில்லை. தோலுக்கு உள்பக்கம் யாரோ தணலை வைத்து ஊதுகிறமாதிரி இருந்தது.

கடலால் வந்த புருசன் குருசுமுத்து அவளைக் கண்டுவிட்டுச் சிரித்தான்.

"என்ன, கள்ளு கிள்ளு குடிச்சனியோ? மூக்கெல்லாம் செவ்வரத்தம்பூவாக் கிடக்கு."

அவளும் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய் அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடிக்குள் அன்னமுத்து மாமி நின்றாள்.

அன்னமுத்து, செபஸ்தியம்மாவின் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் ஒரே தங்கச்சி. கட்டின வருசமே புருசனைக் கடல் எடுத்துவிட, தமையன் வீட்டோடு வந்து தங்கியவள். பிள்ளை இல்லாத அவளுடைய மடி முழுக்கச் செபஸ்தியம்மாவுக்குத்தான். தலை வாரி இழுத்துவிடுவதும் மாமி, கதை சொல்லி நித்திரையாக்குவதும் மாமி. அந்தக் குடும்பத்துக்கே கொஞ்சம் வெளிறின நிறம். வெயிலில் கருவாடு காயப்போட்டுவிட்டு வந்தால் மாமியின் கன்னமும் மூக்கும் சிவந்து கன்றிப்போயிருக்கும். போகப்போக அந்தச் சிவப்பு நிழலிலும் இறங்காமல் தங்கிவிட்டது. அதன்மேல் பருப்போலச் சின்னச் சின்னக் குருக்கள் போட்டன. "கண்ணுக்குள்ள மணல் கிடக்கு, ஊதிவிடு குஞ்சு," என்று பிள்ளையிடம் கண்ணை விரித்துக் காட்டுவாள். பிள்ளை பார்த்தால் கண்ணுக்குள் ஒன்றும் இராது. என்றாலும் ஊதிவிடுவாள். ஊதும்போது மாமியின் சுடுகிற கன்னம் அவளுடைய சின்ன மூக்கில் முட்டும்.

ஊரில் குசுகுசுப்பாகத் தொடங்கிய கதை கொஞ்ச நாளில் வாய்விட்டுச் சொல்லுகிற கதையானது. பெருவியாதி, குட்டம் என்றார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் வந்தால் அங்கே ஒருவரும் பெண் எடுக்கமாட்டார்கள், அந்த வீட்டு ஆம்பிளையைத் தொழிலுக்குச் சேர்க்கமாட்டார்கள். செய்தி மேலே போய், தொளாயிரத்து இருபதாம் ஆண்டில் ஒரு நாள் உத்தியோகத்தர் ஒருவர் துறையில் வந்து இறங்கினார். லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெகு தூரத்தில் நின்றபடியே மாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் சோதனை. ஊர்காவற்றுறை வரை அவளைக் கொண்டுபோய்விட ஒரு வள்ளக்காரனும் சம்மதிக்கவில்லை. கடைசியில் பஸ்ரியாம்பிள்ளைதான் தன்னுடைய வள்ளத்தில் தங்கச்சியை ஏற்றினார்.

செபஸ்தியம்மா பனங்கூடலுக்குள் ஒளித்து நின்று பார்த்தாள். மாமி அழவில்லை, திமிறவில்லை. ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள்.

"எரியுது அண்ணை. வெயிலுக்குப் போட ஒரு துணி தாருங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை தலைத்துண்டை அவிழ்த்தார். கையில் கொடுக்கவில்லை. தூக்கி எறிந்தார். துணி மாமியின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, உதறி, முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுத பிள்ளையைத் தாய் பிடித்து உலுக்கினாள். "வாயை மூடு! உனக்காகத்தானடி. உனக்குத் தொத்திப்போடும் எண்டுதான் உன்ர அப்பு அனுப்பினவர்." அந்தச் சொல் பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்க் குந்தியது. பிறகு எழும்பவேயில்லை.

பஸ்ரியாம்பிள்ளை அந்த வருசமே வள்ளத்தை விற்றுவிட்டு மாடு வளர்க்கத் தொடங்கினார். மாமி அடைபட்ட இடம் தெற்கே எங்கேயோ என்று மட்டும் தெரியும். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அவள் செத்துப்போனாள் என்ற செய்தி ஒரு சுவாமியார் வாயிலாக வந்தபோது செபஸ்தியம்மாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழைய கதையை நினைவுபடுத்தக் கூடாதென்று வீட்டில் ஒருவரும் அழவில்லை. கறுப்பு உடுக்கவில்லை. பூசை கேட்கவில்லை. அன்று பின்னேரம் பெண் பார்க்க வருகிற ஆட்களுக்காகப் பலகாரம் சுட்டார்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

அந்த மாமிதான் இப்போது கண்ணாடிக்குள் வந்து நிற்கிறாள்.

செபஸ்தியம்மா கண்ணாடிக்கு மேலே ஒரு சீலையைத் தொங்கவிட்டாள். ஆனால் முகத்தைக் கையால் தொடாமல் இருக்க முடியவில்லை. உள்ளங்கையில் சுடுகிற அந்தச் சூடு அவளுக்குப் பழக்கமான சூடு. சின்ன வயதில் மூக்கில் முட்டிய அதே சூடு. மடியில் கிடந்த காலத்திலேயே தொத்தி, இத்தனை வருசம் உள்ளே படுத்திருந்து இப்போது வெளியே வருகிறது என்று ஒரு நேரம் நினைப்பாள். இல்லை, மாமி தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள், யாருக்காக அனுப்பினார்களோ அவளிடமே வந்திருக்கிறாள் என்று இன்னொரு நேரம் தோன்றும். கடற்கரையில் கருவாடு புரட்டும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ துணியை உதறுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் வெறும் மணலும் காகமும்தான்.

மகள் மாக்கிறேற்றுக்கு அப்போது ஆறு வயது. வழமைபோல ஓடிவந்து மடியில் ஏறியவளைச் செபஸ்தியம்மா ஒரு நாள் தள்ளிவிட்டாள். பிள்ளை சிமெந்து நிலத்தில் விழுந்து திகைத்துப்போய்ப் பார்த்தது. அதன் பிறகு அது தாயிடம் வருமுன் கொஞ்சம் தள்ளி நின்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

குருசுமுத்து சிரிப்பை விட்டுவிட்டான். பரிகாரியாரிடம் போய் மருந்து வாங்கி வந்தான். ஏதோ இலையை அரைத்து எலுமிச்சம்புளி விட்டுக் குழைத்தது. பூசின இடம் வெந்து தோல் உரிந்தது. அவள் சவுக்காரம் போட்டுத் தேங்காய்ப்பொச்சால் உரஞ்சிக் கழுவினாள். கழுவக் கழுவ முகம் இன்னும் சிவந்தது. மூக்கைச் சுற்றியும் நாடியிலும் குருக்கள் எழும்பின. கோயிலுக்குப் போனால் முட்டாக்கை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூணோடு ஒட்டி இருப்பாள். அவளுக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல மற்றப் பக்கம் நகர்ந்தார்கள்.

ஒரு நாள் வெளிச்சம் மங்குகிற மைமல் பொழுதில், ஆட்கள் போய்விட்டார்கள் என்று நினைத்துக் கிணற்றடிக்குப் போனாள். முட்டாக்கை விலக்கி முகத்துக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், எதிரே செல்லாச்சி நின்றாள். கண் அரைவாசி மங்கின கிழவி. அவளுடைய கையிலிருந்த குடம் விழுந்து உருண்டது.

"சேசுவே! அன்னமுத்து வந்திட்டாள்! அன்னமுத்து வந்திட்டாளடி!"

ஒழுங்கையெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு கிழவி ஓடினாள். செபஸ்தியம்மா நனைந்த முகத்தோடு கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். நான் அன்னமுத்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் முதல் அவர்களுடைய வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பஸ்ரியாம்பிள்ளை பேத்திக்கென்று தினமும் பின்னேரம் பால் கொண்டுவருகிறவர். முற்றத்தில் இருந்து வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவார். இப்போது பால் செம்பைக் கல்வேலியின் மேலே வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார். ஒரு நாள் செபஸ்தியம்மா வேலிப் படலையில் காத்து நின்று "அப்பு!" என்று கூப்பிட்டாள். அவருடைய தோள் துடித்தது. திரும்பவில்லை.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வின்சன்ற் வந்தபோது அவரும் படலைக்கு வெளியேதான் நின்றார். கெட்ட மனுசன் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"பிள்ளை, குறை நினையாதையும். ஊர் ஒரேயடியாக் கதைக்குது. நான் அறிவிக்காமல் இருக்கேலாது. அடுத்த கிழமை ஆக்கள் வந்து பாப்பினம்."

"எங்க நிண்டு பாப்பினம்?" என்று செபஸ்தியம்மா கேட்டாள்.

விதானையாருக்கு விளங்கவில்லை.

"துறையில நிண்டு, லேஞ்சியைப் பிடிச்சுக்கொண்டு தூரத்தில இருந்துதானே பாப்பினம்? அப்பிடி என்னை ஒருத்தரும் பாக்க வேண்டாம். நானே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிட்ட நிண்டு காட்டுறன்."

விதானையார் போன பிறகு குருசுமுத்து அவளுக்கு முன்னால் வந்து இருந்தான்.

"விசர்க்கதை கதையாதை. போனால் திரும்பி விடமாட்டினம்."

"விடாட்டில் அங்கயே கிடக்கிறன். ஆரும் என்னைப் பிடிச்சு ஏத்தக் கூடாது. நானாக ஏறிப் போகவேணும். என்னை நீங்களே கொண்டுபோங்கோ."

மாக்கிறேற்றைக் குருசுமுத்துவின் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு விடிய வெளிக்கிட்டார்கள். வள்ளம் துறையை விட்டு விலகும்போது செபஸ்தியம்மா திரும்பிப் பார்த்தாள். பனங்கூடலுக்குள், முன்பு அவள் ஒளித்து நின்ற இடத்துக்குக் கிட்ட, பஸ்ரியாம்பிள்ளை நின்றார். கை காட்டவில்லை. வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நயினாதீவைக் கடக்கும்போது வெயில் ஏறிவிட்டது. குருசுமுத்து ஒரு துணியை நனைத்து அவளிடம் நீட்டினான். அவள் அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை துணியை அவளுடைய கைக்குள்தான் வைத்தது.

ஆஸ்பத்திரியில் தம்பு டொக்குத்தர் என்று ஒருவர். தடித்த கண்ணாடி போட்ட, பொறுமையில்லாதவர் போலத் தெரிந்த மனுசன். செபஸ்தியம்மா அறைக்குள் வந்து வாசலோடேயே நின்றாள்.

"ஏன் அங்க நிக்கிறீர்? கிட்ட வந்து கதிரையில இரும்."

இருந்தாள். அவர் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெறுங்கையால் பிடித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுடைய முகத்தில் பட்ட முதல் கை. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாதையும், முகம் இன்னும் சிவக்கும். கண்ணை மூடும். நான் தொடுற நேரம் சொல்லவேணும்."

பஞ்சை மெல்லிய திரியாக உருட்டிக் கன்னத்தில் பட்டும் படாமலும் வைத்தார்.

"தெரியுது."

மூக்கில், நாடியில், நெற்றியில்.

"தெரியுது. தெரியுது."

ஊசி முனையால் தொட்டார். "குத்துது ஐயா." சுடுதண்ணீர்ப் போத்தலையும் பச்சைத் தண்ணீர்ப் போத்தலையும் மாறி மாறி வைத்தார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். காதுக்குப் பின்னாலும் முழங்கையிலும் நரம்பைத் தடவிப் பார்த்தார். விரல்களை விரித்து மடக்கச் சொன்னார். பிறகு கைகழுவப் போகாமல் அவளுக்கு முன்னாலேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"உமக்குப் பெருவியாதி எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"அந்த வருத்தத்தில படை விழுந்த இடம் செத்துப்போகும். ஊசி குத்தினாலும் தெரியாது, நெருப்புச் சுட்டாலும் தெரியாது. உமக்குக் காத்துப் பட்டாலே எரியுது. இது வேற வருத்தம். இங்கிலீசில ரோசேசியா எண்டு சொல்லுறது. ஒருத்தருக்கும் தொத்தாது. பிள்ளையை மடியில வைச்சிருக்கலாம்."

காதில் விழுந்த சொல் உள்ளே இறங்க நேரம் எடுத்தது.

"இது மாறுமோ ஐயா?"

"நான் பொய் சொல்லேலாது. மாறாது. அடங்கும், பிறகு ஒரு நாள் வரும், திரும்பவும் அடங்கும். தோலுக்குக் கீழ இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் லேசா விரிஞ்சு போகுது உமக்கு. வெயில், அடுப்பு வெக்கை, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறது, உறைப்பு, கள்ளு, கோபம், எல்லாம் அதைக் கிளப்பும். வெக்கப்பட்டாலும் சிவக்கும். சிவக்குதெண்டு வெக்கப்பட்டால் இன்னும் சிவக்கும்." கந்தகம் கலந்த பூச்சுமருந்து ஒன்று எழுதிக்கொண்டே கேட்டார்: "கண் எப்பிடி? மணல் விழுந்தமாதிரி அறுக்குமோ?"

அந்தக் கேள்வியில் செபஸ்தியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சில நாட்களாக அவளுக்கும் கண் அறுத்துக்கொண்டுதான் இருந்தது. தூசியென்று நினைத்திருந்தாள். இப்போது காதுக்குக் கிட்ட, அறைக்குள்ளேயே நின்று சொல்லுகிறமாதிரிக் கேட்டது: கண்ணுக்குள்ள மணல் கிடக்கு, ஊதிவிடு குஞ்சு.

"ஓம்," என்றாள். பிறகு, "இது சொந்தத்துக்குள்ள வருமோ ஐயா?"

"சில குடும்பங்களில வாறதுதான். ஏன்?"

"எங்கட மாமி ஒராள்... அவவுக்கும் கன்னமும் மூக்கும் இப்பிடித்தான். எரியுது எண்டுதான் சொன்னவ. பெருவியாதி எண்டு கொண்டுபோட்டினம். அங்கயே செத்துப்போனா."

டொக்குத்தரின் பேனை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் போடவில்லை.

"நான் பாக்காத ஆளைப்பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது, பிள்ளை," என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற குருசுமுத்து, சங்கதியைக் கேட்டதும் நிலத்தில் குந்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் அவன் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தான். அவள் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏன், உனக்குச் சந்தோசமில்லையோ?"

"இந்தத் தண்ணியாலதானே மாமியையும் கொண்டுபோனது," என்றாள் அவள். "ஒண்டுமில்லாததுக்கு."

அவன் சுக்கானைத் துறைப்பக்கம் திருப்பினான்.

தொத்தாத வருத்தமென்று டொக்குத்தர் எழுதித் தந்த துண்டைப் படித்த விதானையார், அதைத் தானே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. செபஸ்தியம்மா தன் முகத்தோடு சீவிக்கப் பழகத் தொடங்கினாள். குருசுமுத்து குசினிச் சுவரில் ஒரு பெரிய ஓட்டை உடைத்துப் புகை போக வழி விட்டான். அடுப்பை உயர்த்திக் கட்டினான், அவள் குனிந்து முகத்தை வெக்கைக்குக் கொடுக்க வேண்டியதில்லாமல். கூழை அவள் தனக்கென்று உறைப்பில்லாமல் எடுத்து ஆறவைத்துக் குடித்தாள். தேத்தண்ணியையும் அப்படித்தான். கருவாட்டு வேலையை வெயில் ஏறுமுன்னும் வெயில் சாய்ந்த பிறகும் பார்த்தாள். இடையில் போகவேண்டி வந்தால் அகலமான ஓலைத்தொப்பியும் அதற்குக் கீழே நனைத்த துணியும். சவுக்காரத்தை விட்டாள். பச்சைத் தண்ணீரில் கழுவி, உரஞ்சாமல், துணியால் ஒற்றி எடுத்தாள். கந்தக மருந்தை மெல்லிசாகத்தான் பூசவேண்டும் என்பதையும், அதிகம் பூசினால் தோல் கோபிக்கும் என்பதையும் பட்டுத்தான் அறிந்தாள். எல்லாம் சரியாகச் செய்தும் காரணமில்லாமல் எரிகிற நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் நிழலில் பேசாமல் இருப்பாள். மாக்கிறேற் வந்து மடியில் ஏறும்.

குருக்கள் அமர்ந்தன. சிவப்பு பாதி இறங்கியது. ஆனால் மாமி போகவில்லை. முன்பு அவள் பயமாக வந்தாள். இப்போது வேறு மாதிரி வந்தாள். அடைபட்ட அந்த இடத்தில் மாமி எத்தனை சோளகம் இருந்திருப்பாள்? அங்கே விரல் போன மனுசருக்கு நடுவே, தன் விரலெல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? தன்னில் அந்த வருத்தம் இல்லையென்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்து, யாரிடம் சொல்லியிருப்பாள்? கன்னம் சுடும் போதெல்லாம் இந்தக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

தகப்பனிடம் என்ன சொல்வது என்பதுதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது. பஸ்ரியாம்பிள்ளை இன்னும் பால் செம்பை வேலியில்தான் வைத்துவிட்டுப் போகிறார். ஒரு பின்னேரம் அவரைத் தேடி மாட்டுப் பட்டிக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு பொய்யை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள்: மாமிக்கு வந்தது இது இல்லை, பெருவியாதிதான் அப்பு.

அவர் கன்றை அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பு, டொக்குத்தர் எனக்கு அது இல்லை எண்டிட்டார்."

"கேள்விப்பட்டனான்." கயிற்றையே பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு எரியுறதோ?"

"ஓம் அப்பு."

"கண்?"

அவள் வாய்க்குள் வைத்திருந்த பொய் எங்கேயோ போய்விட்டது. "மணல் விழுந்தமாதிரி," என்றாள்.

கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு தாயிடம் ஓடியது. அவர் பிடிக்கவில்லை.

"டொக்குத்தர் என்ன சொன்னவர், அவளைப்பற்றி?"

"பாக்காத ஆளைப்பற்றிச் சொல்லேலாதாம்."

"நான் பாத்தனான்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "நான் பாத்தனான் பிள்ளை."

அப்போதுதான் அவர் அவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பார்க்கிறமாதிரி இல்லை. அவளுக்கு அப்பால் வெகு தூரத்தில் நிற்கிற யாரையோ அடையாளம் பிடிக்கிறமாதிரிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய உடம்பு மெல்லச் சரிந்து பட்டியின் கல்லில் குந்தியது. செபஸ்தியம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மறுநாட் காலையில் அவர் கோயில் மூப்பர் பத்திநாதரிடம் போனார். என்ன கதைத்தாரென்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் துக்கமணி அடித்தது. ஒன்று அடித்து, நின்று, திரும்ப ஒன்று. ஆட்கள் ஒழுங்கைகளுக்கு ஓடிவந்தார்கள். யாரும் வருத்தமாகக் கிடக்கவில்லை, கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பியிருந்தார்கள்.

"ஆர் செத்தது?"

பஸ்ரியாம்பிள்ளை கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தன்னுடைய வாசலில் நின்றார். "என்ர தங்கச்சி," என்றார்.

"அன்னமுத்துவோ? அது எப்ப?"

"அது கனகாலம். அப்ப மணி அடிக்கேல்லை."

அன்று அந்த வீடு செத்தவீடாக இருந்தது. நடுவில் ஒரு பாயை விரித்து, அதில் ஒன்றும் வைக்காமல், தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்கள். வராதவர்கள் வரவில்லை. வந்தவர்கள் முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு செல்லாச்சி தடவித் தடவி வந்து பாயின் ஓரத்தில் இருந்தாள். கையால் பாயைத் தடவிப் பார்த்தாள், உடல் கிடக்கிறதா என்று பார்க்கிறமாதிரி. திடீரென்று தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைத்தாள். அதோடு மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். செபஸ்தியம்மா முட்டாக்கில்லாமல் அழுதாள். மெழுகுதிரி வெக்கையும் அழுகையும் சேர்ந்து அவளுடைய முகத்தை நெருப்பாக்கின. பக்கத்தில் இருந்தவள் அதைக் கண்டாள். கண்டும் நகரவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் கந்தக மருந்து கிடைக்காமல் போனது. செபஸ்தியம்மா தண்ணீரையும் நிழலையும் வைத்தே சமாளித்தாள். மூக்கு கொஞ்சம் தடித்துவிட்டது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் நிரந்தரமாகத் தெரிந்தன. கடற்கரையில் அவளைக் கண்டு பேசாமல் போகிற சிலர் கடைசிவரை அப்படியே போனார்கள்.

பஸ்ரியாம்பிள்ளை நாற்பத்தைந்தாம் ஆண்டு படுக்கையில் விழுந்தார். செபஸ்தியம்மா அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். ஒரு மத்தியானம் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். அடுப்படியிலிருந்து வந்ததால் முகம் சிவந்து கிடந்தது. அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கையைத் தூக்கி அவளுடைய கன்னத்தில் வைத்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. எரிகிற தோலுக்கு அந்தக் குளிர்ச்சி சுகமாக இருந்தது.

"அன்னமுத்து," என்றார். "என்னோட கோபமோ?"

அப்பு, நான் செபஸ்தி என்று சொல்லியிருக்கலாம். அவர் காத்துக்கொண்டிருந்தார். கண் மூடவில்லை, கையை எடுக்கவில்லை.

"இல்லை அண்ணை," என்றாள் அவள். "கோபமில்லை."

அந்தக் குரல் தன்னுடையது போல அவளுக்குக் கேட்கவில்லை. அவர் தலையை மெல்ல ஆட்டினார். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். அந்தக் கிழமை முடியுமுன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்து செபஸ்தியம்மா கிணற்றடியில் முகம் கழுவினாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. மாமிக்குப் பதிலாக அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? மாமி மன்னித்திருப்பாளா, கடைசி மூச்சுவரை வெறுத்திருப்பாளா, எதுவும் தெரியாமல், தன் வாயால் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"நான் சொன்னது சரியோ மாமி?" என்று கேட்டாள்.

காற்று பனைகளில் உரசிக்கொண்டு போனது. வளர்ந்து பெரியவளாகிவிட்ட மாக்கிறேற் குசினிக்குள் இருந்து கூப்பிட்டாள், தேத்தண்ணி ஆறிவிட்டதென்று. செபஸ்தியம்மா கிணற்றுக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு துணியால் முகத்தை மெல்ல ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.